ஒதுக்கப்பட்டவர்களை அயல்கோளுக்கு அனுப்பும் கதை நம்பும்படி இருக்க என்ன வேண்டும்?

உங்கள் கேள்வியை முதலில் சுருக்கிச் சொல்லிவிடுகிறேன். நீங்கள் எழுதும் நாவலில் ஓர் அரசு தனக்கு வேண்டாத ஆறு பேரை மனிதக் கால் படாத அயல்கோள் ஒன்றுக்கு அனுப்புகிறது. சிறைக்கைதிகள், கடன் கட்ட முடியாதவர்கள், அரசை எதிர்த்துப் பேசியவர்கள். அங்கே மனிதர்கள் வாழ முடியுமா என்று பார்ப்பது அவர்கள் வேலை. கழுத்தில் வெடிப்பட்டை, சொன்னபடி கேட்காவிட்டால் வெடிக்கும். கைப்பிரதியைப் படித்த நண்பர் “ரோபோவை அனுப்பினால் போதுமே?” என்று கேட்டுவிட்டார். கோளை இன்னும் பயங்கரமாக்கினால் இந்தக் கேள்வி அடங்கிவிடுமா என்கிறீர்கள். அடங்காது. கோள் எவ்வளவு பயங்கரம் என்பது இதில் சின்ன விஷயம். நண்பர் இடித்துக் காட்டியது வேறு இரண்டு ஓட்டைகளை: இவர்களை அனுப்புவதில் அரசுக்கு என்ன லாபம், அங்கே இறங்கிய பிறகு இவர்கள் ஏன் பேச்சைக் கேட்க வேண்டும்.

லாபத்திலிருந்து தொடங்குவோம். “இவர்கள் உயிர் மலிவு, அதனால் அனுப்புகிறார்கள்” என்பதுதான் இந்த வகைக் கதைகளின் வழக்கமான காரணம். கணக்குப் போட்டால் அது நிற்காது. சூரியனுக்கு மிக அருகில் உள்ள விண்மீன் பிராக்சிமா சென்டாரி, 4.24 ஒளியாண்டு தொலைவு. ஒளியின் வேகத்தில் பத்தில் ஒரு பங்கில் போனாலும் 42 வருடத்துக்கு மேல் ஆகும். 70 கிலோ எடையுள்ள ஓர் உடம்பை மட்டும் அந்த வேகத்துக்குக் கொண்டுபோக, ஆயிரம் மெகாவாட் மின்நிலையம் ஒன்று வருடம் முழுக்க நிற்காமல் ஓடித் தரும் ஆற்றல் தேவை. அதுவும் ஒரு துளி வீணாகாமல். போய்ச் சேர்ந்ததும் வேகத்தைக் குறைக்க வேண்டும், அது தனிச் செலவு. கூடவே ஒருவருக்கு ஒரு நாளைக்கு ஆக்சிஜன் 0.84 கிலோ, உலர்ந்த உணவு 0.6 கிலோ, குடிக்கவும் சமைக்கவும் தண்ணீர் இரண்டரை கிலோ. குளியல், துவையல் சேர்க்காமலே நாளைக்கு நாலு கிலோ. மறுசுழற்சி இல்லையென்றால் வருடத்துக்கு ஒன்றரை டன். இவ்வளவு செலவழித்து அனுப்புகிறவன் அதில் யாரை ஏற்றுவான்? உள்ளதிலேயே சிறந்தவரைத்தான். இது வெறும் கூட்டல் பெருக்கல், இதில் ஊகம் எதுவும் இல்லை.

இதிலிருந்து தப்ப எனக்குத் தெரிந்த நல்ல வழி, ஒதுக்கப்பட்டவர்களை ஏற்கெனவே அந்தப் பக்கத்தில் வைத்துவிடுவது. அவர்களை வேறு காரணத்துக்காக முன்பே நாடு கடத்தியாகிவிட்டது. கோளின் சுற்றுப்பாதையிலோ அதன் துணைக்கோளிலோ ஒரு தண்டனைக் குடியிருப்பு இருக்கிறது. அங்கிருந்து கீழே இறக்குவது மட்டுமே இப்போதைய செலவு. வரலாற்றிலும் ஏறக்குறைய இப்படித்தான் நடந்தது. 1788-ல் பிரிட்டன் ஆஸ்திரேலியாவின் சிட்னியில் கைதிகளை இறக்கியபோது உள்நாட்டை ஆராய்வது நோக்கமில்லை. மலைகளுக்கு அப்பால் நடந்தே சீனா போய்விடலாம் என்று கைதிகளிடையே ஒரு நம்பிக்கை பரவி, தப்பி ஓடுவது தொல்லையான பிறகு, 1798-ல் ஆளுநர் ஹண்டர் கைதிகள் சிலரை உள்நாட்டுக்கு அனுப்பினார். அங்கே ஒன்றுமில்லை என்று அவர்களே பார்த்து வந்து சொல்லட்டும் என்பது திட்டம். வழிகாட்டியாகப் போனவர் ஜான் வில்சன் என்ற முன்னாள் கைதி. பூர்வகுடிகளோடு வாழ்ந்து அந்த நிலத்தை அறிந்தவர். தப்பிக்கும் ஆசையைக் கொல்வதற்கென்றே ஓர் ஆய்வுப் பயணம்! இந்த ஒரு நிகழ்ச்சியில் உங்கள் நாவலுக்கு வேண்டிய அரசியல் முழுக்க இருக்கிறது.

இன்னொன்று, ஆபத்து மட்டும் இருந்தால் கைதிகளுக்கு அந்த வேலை கிடைக்காது. 1783-ல் வெப்பக்காற்று பலூனில் முதன்முதலாக மனிதர்களை அனுப்பும் பேச்சு வந்தபோது, மரண தண்டனைக் கைதிகள் இருவரை ஏற்றலாம் என்றார் பிரெஞ்சு மன்னர் பதினாறாம் லூயி. வானில் முதலில் பறந்த பெருமை குற்றவாளிகளுக்கா போக வேண்டும் என்று பிலாத்ர் ட ரோசியே என்ற அறிவியலாளர் கொதித்தார். கடைசியில் நவம்பர் 21 அன்று அவரும் டார்லாந்து என்ற பிரபுவும்தான் பறந்தார்கள். புகழ் கிடைக்கும் ஆபத்துக்கு வரிசையில் நிற்க எப்போதும் ஆள் உண்டு. ஆகவே உங்கள் கோளில் முதல் காலடி வைப்பது கைதி என்றால் வாசகர் நம்பத் தயங்குவார். முதல் காலடியைத் தளபதி ஒருவர் வைத்து, கேமரா முன் பேசிவிட்டு மேலே ஏறிவிட்டார். அதன் பிறகு நாலு வருடம் மண்ணில் கிடக்க வேண்டியவர்கள் இவர்கள் என்று எழுதினால் உடனே நம்புவார்.

இனி ரோபோ. “கதிர்வீச்சில் ரோபோ பழுதாகிவிடும், அதனால் மனிதன்” என்று பலர் எழுதுகிறார்கள். சாதாரண மின்னணுச் சில்லுகளே ஐம்பது கிரே (உள்வாங்கும் கதிர்வீச்சை அளக்கும் அலகு) அளவுக்குக் கதிர்வீச்சைத் தாங்கக்கூடியவை. மனிதன் சிகிச்சை இல்லாவிட்டால் நான்கைந்து கிரேயில் செத்துப்போவான். செர்னோபிலில் ரோபோக்கள் பழுதானது உண்மை. 1986-ல் அணுஉலைக் கட்டடக் கூரையைச் சுத்தம் செய்ய ஆட்களை ஏற்றினார்கள், அவர்களுக்கு ‘உயிர் ரோபோக்கள்’ என்றே பெயர் வந்தது. ஆனால் ஒவ்வொருவரும் மேலே நின்றது ஓரிரு நிமிடம். ஒரு மண்வெட்டி, இரண்டு மண்வெட்டி அள்ளிப் போட்டுவிட்டு ஓடி வர, அடுத்த ஆள் ஏறினார். அதற்கு ஆயிரக்கணக்கில் ஆள் வேண்டும், உங்களிடம் இருப்பது ஆறு பேர். தவிர, அவர்கள் கைதிகள் இல்லை. பெரும்பாலும் அழைக்கப்பட்ட ரிசர்வ் படையினர்.

வேகம் என்ற காரணம் கொஞ்சம் தேறும். செவ்வாயில் ஆப்பர்சூனிட்டி ஊர்தி 2004 முதல் 2018 வரை ஓடிய மொத்தத் தூரம் 45 கிலோமீட்டர். நிலவில் அப்போலோ 17 வீரர்கள் இருவர் 1972-ல் மூன்றே நாளில் சுமார் 36 கிலோமீட்டர் ஓட்டி, 110 கிலோ கல்லும் மண்ணும் கொண்டுவந்தார்கள். செவ்வாய்க்குச் செய்தி போக 3 முதல் 22 நிமிடம் ஆவது இந்த மந்தத்துக்கு ஒரு காரணம். ஆனால் உங்கள் கதையில் மேலே சுற்றுப்பாதையில் ஆள் இருக்கிறார்களே, அவர்கள் தாமதமே இல்லாமல் ரோபோவை ஓட்டலாம். நண்பர் இதைக் கேட்டால் பதில் இருக்காது.

ரோபோவால் சொல்லவே முடியாத பதில் ஒன்று உண்டு: மனித உடம்பு அங்கே தாங்குமா? குறைந்த ஈர்ப்பில் வருடக்கணக்கில் இருந்தால் எலும்பு என்ன ஆகும், கர்ப்பம் தரிக்குமா, குழந்தை எப்படி வளரும் என்பதெல்லாம் இன்று யாருக்கும் தெரியாது. நம்மிடம் இருப்பது பூமியின் முழு ஈர்ப்பில் கிடைத்த தகவலும், விண்வெளி நிலையத்தின் எடையற்ற நிலையில் கிடைத்த தகவலும்தான். இடைப்பட்ட ஈர்ப்பில் மனிதர்கள் இருந்தது நிலவில் மட்டும்; மிக நீண்டதே மூன்று நாள் சொச்சம். இதற்குப் பதில் வேண்டுமென்றால் உடம்புகளைத்தான் இறக்க வேண்டும். இதற்கும் முன்னுதாரணம் இருக்கிறது. 1721-ல் லண்டன் நியூகேட் சிறையில் ஆறு கைதிகளுக்குப் பெரியம்மைப் பால் குத்திப் பார்த்தார்கள், பிழைத்தால் விடுதலை. ஆறு பேரும் பிழைத்தார்கள். அதோடு விடவில்லை. அவர்களில் ஓர் இளம்பெண்ணை அம்மை பரவியிருந்த ஹெர்ட்ஃபோர்டுக்கு அனுப்பி, நோயாளிகளுக்குப் பணிவிடை செய்ய வைத்தார்கள், அவளுக்கு மறுபடி வருகிறதா என்று பார்க்க. உங்கள் ஆறு பேரும் அந்தப் பெண்ணின் இடத்தில்தான் இருக்கிறார்கள். தாங்கள் கோளை ஆராய்வதாக அவர்கள் நினைக்க, மேலே இருப்பவர்கள் ஆராய்வது அவர்களை. மனிதர்கள்மீது செய்யும் மருத்துவச் சோதனைகளுக்கான 1947 நியூரம்பர்க் விதிகளின் முதல் வரியே சம்பந்தப்பட்டவரின் தன்விருப்பச் சம்மதம் வேண்டும் என்கிறது. அதைச் சுற்றிப் போகத்தான் இதற்கு ‘ஆய்வுப் பணி’ என்று பெயர் வைத்தார்கள் என்றால் அரசின் தந்திரமும் பொருந்திவிடுகிறது. என்னைக் கேட்டால் நாவலின் முதுகெலும்பாக இதையே வைப்பேன்.

அடுத்தது கீழ்ப்படிதல். வெடிப்பட்டையைக் கழற்றிவிடுங்கள். கட்டளை பூமியிலிருந்து வருவதென்றால், பிராக்சிமாவிலிருந்து கேள்வி போய்ப் பதில் வர எட்டரை வருடம். தானியங்கியாக வெடிப்பதென்றால் எது மீறல் என்பதை ஒரு கருவி முடிவு செய்கிறது. பள்ளத்தாக்கில் சிக்னல் போனால் விசுவாசி முதலில் சாவான். எல்லாவற்றுக்கும் மேல், ஆறு பேரில் ஒருவனைக் கொன்றால் ஆறில் ஒரு பங்குத் தகவல் போயிற்று. நடைமுறையில் வேலை செய்யும் கயிறு, தீர்ந்துபோகிற பொருள்.

மனிதன் ஒரு நாளைக்கு ஏறத்தாழ ஒரு கிலோ கார்பன் டை ஆக்சைடை வெளியே விடுகிறான். மூடிய அறையில் அது அரை சதவீதத்தைத் தாண்டக்கூடாது. மூன்று சதவீதத்தில் மூச்சு இரைக்கும், தலைவலி பிடிக்கும். பத்து சதவீதத்தில் சில நிமிடங்களில் நினைவு போய்விடும். ஆக்சிஜன் நிறைய இருந்தாலும் இதிலிருந்து தப்ப முடியாது, இதைப் பலர் கோட்டை விடுகிறார்கள். விண்கலங்களில் இதை உறிஞ்ச லித்தியம் ஹைட்ராக்சைடு டப்பாக்கள் பயன்பட்டன. ஒரு கிலோ பொடி அதிகபட்சம் 0.92 கிலோ வாயுவைப் பிடிக்கும்; நடைமுறையில் அதைவிடக் குறைவு. ஆக ஆளுக்கு ஒரு நாளைக்கு ஒன்றேகால் கிலோவாவது வேண்டும். வாரத்துக்கு ஒருமுறை மேலிருந்து டப்பாக்கள் இறங்கும், அறிக்கை போனால்தான் இறங்கும். காவலர் வேண்டாம், வெடிப்பட்டை வேண்டாம்.

இந்தக் கயிற்றை அறுக்கவும் வழி உண்டு, கதைக்கு அதுதான் விருந்து. சுண்ணாம்புக்கல்லை 900 டிகிரி செல்சியஸ் அளவுக்குச் சுட்டால் சுட்ட சுண்ணாம்பு கிடைக்கும். தண்ணீர் தெளித்தால் நீற்றுச் சுண்ணாம்பு. அது கார்பன் டை ஆக்சைடைப் பிடித்துத் திரும்பவும் சுண்ணாம்புக்கல் ஆகிவிடும். ஒரு கிலோ வாயுவுக்குக் கணக்குப்படி 1.7 கிலோ போதும், ஆனால் மேற்பரப்பு மட்டும் வேலை செய்துவிட்டு உள்ளே பச்சையாக நிற்கும் என்பதால் இரண்டரை, மூன்று கிலோ என்று வைத்துக்கொள்ளுங்கள். பொடி கொஞ்சம் ஈரமாக இருக்க வேண்டும், எலும்பாய்க் காய்ந்தால் உறிஞ்சாது. களிமண்போல் நனைந்தால் காற்று உள்ளே நுழையாது. குறுமணியாக உருட்டி, மெல்லிய படுகையாகப் பரப்பி, விசிறியால் காற்றை அதன் ஊடே இழுக்க வேண்டும். தூள் நுரையீரலுக்குப் போகாமல் துணி வடிகட்டி வேண்டும். தீர்ந்ததை மறுபடி வெளியே கொண்டுபோய்ச் சுடலாம். வாயு வெளியே போகும், சுண்ணாம்பு திரும்பி வரும். உங்கள் ஆறு பேரில் சூளை வேலை தெரிந்த ஒருவர் கார்பனேட் பாறை ஒன்றைக் கண்டுபிடித்து அறிக்கையில் எழுதாமல் விட்டால், அந்த நாளிலிருந்து மேலே இருப்பவர்களின் பிடி தளர்கிறது. அப்படிப் பாறை இருக்குமா? கோளில் ஒரு காலத்தில் தண்ணீர் இருந்திருந்தால் இருக்க வாய்ப்புண்டு, செவ்வாயிலேயே கார்பனேட் கண்டெடுத்திருக்கிறார்கள். தேவையான அளவுக்கு, நடந்து போகிற தூரத்தில் இருக்குமா என்பது உங்கள் கையில்.

கொடுமையைக் காட்ட சாட்டையும் அடியும் வேண்டாம், நடைமுறையைச் சுருக்கினாலே போதும். விண்வெளி நிலையத்துக்குள் காற்றழுத்தம் பூமியில் உள்ளதுபோல் 101 கிலோபாஸ்கல். வெளியே போகும் உடையில் வெறும் ஆக்சிஜன், அழுத்தம் 30-க்குச் சற்றுக் கீழே. அழுத்தம் கூடினால் உடை விறைத்து விரலை மடக்க முடியாது, அதனால்தான் இவ்வளவு குறைவு. நேரே மாறினால் இரத்தத்தில் கரைந்திருக்கும் நைட்ரஜன் குமிழியாகிவிடும். அதனால் முன்கூட்டியே தனி ஆக்சிஜனைச் சுவாசித்து நைட்ரஜனைக் கழிக்க வேண்டும். உடைக்குள்ளேயே உட்கார்ந்து செய்தால் நாலு மணி நேரம். மேலிடம் இதை ஒரு மணியாகக் குறைக்கிறது என்று வையுங்கள். உடனே ஒன்றும் ஆகாது. பாறை உடைக்கத் தொடங்கிக் கொஞ்ச நேரம் கழித்துத் தோளிலோ முழங்காலிலோ ஒரு குடைச்சல். உழைப்பு கூடக் கூட வலியும் கூடும். திரும்பினால் அன்றைய கணக்குப் போய்விடும் என்று வாய் திறக்க மாட்டான். உள்ளே வந்து அழுத்தம் ஏறியதும் பெரும்பாலும் வலி மாயமாய் மறைந்துவிடும். புகார் செய்யச் சாட்சியே இருக்காது. ஒரு நாள் குமிழி முதுகுத்தண்டில் சிக்கினால் கால் விழுந்துவிடும். நேர்மையான வடிவமைப்பாளராக இருந்தால் குடியிருப்பின் அழுத்தத்தை 56 கிலோபாஸ்கலுக்குக் குறைத்து ஆக்சிஜனை 34 சதவீதமாக்கி, காத்திருப்பைச் சில நிமிடமாகச் சுருக்கியிருப்பார். அதற்கு விலை, தீ சுலபமாகப் பற்றும். எந்த ஆபத்தைத் தேர்ந்தெடுத்தார்கள் என்பதே உங்கள் அரசின் குணத்தைச் சொல்லிவிடும்.

வெளியே அழுத்தம் பூமியைப் போலவே இருந்து காற்று மட்டும் விஷமென்றால் முழு உடை வேண்டாம், முகமூடி போதும். அங்கே வேறொரு சிக்கல். தாடி இரண்டு நாள் வளர்ந்தாலே முகமூடி தோலோடு ஒட்டாது, கசியும். ஆகவே தினமும் மழிக்க வேண்டும். கைதி கையில் பிளேடு கொடுப்பதா? கொடுக்காவிட்டால் செத்துப்போவான். இந்தச் சின்னச் சண்டையை வைத்தே ஓர் அத்தியாயம் எழுதலாம். விண்வெளி உடையை அப்படியே காற்று உள்ள கோளில் போடுவதும் தவறு: அதன் குளிர்விப்பான் பனிக்கட்டியை வெற்றிடத்தில் நேரே ஆவியாக்கி வெப்பத்தைக் கழிக்கிறது. சுற்றிலும் அழுத்தம் 611 பாஸ்கலைத் தாண்டினால் அது வேலை செய்யாது, ஆள் தன் உடல் வெப்பத்திலேயே வெந்துபோவான்.

அயல் கிருமிகளைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன், ஏனென்றால் இங்கே எல்லாமே ஊகம். நமக்குத் தெரிந்தது பூமி உயிர் ஒன்றே ஒன்று. முற்றிலும் வேறான உயிர் நம் உடம்பைப் பிடித்து வளர்வது கடினம் என்பது நியாயமான எதிர்பார்ப்பு. அங்குள்ளதைத் தின்றாலும் சத்து சேராமல் போகலாம் என்பதும் அப்படியே. ஒவ்வாமை, நஞ்சு, தூசி இவற்றுக்கு உறவுமுறை தேவையில்லை. நிலவுத் தூசியே அப்போலோ 17-ன் ஹாரிசன் ஷ்மிட்டுக்கு மூக்கடைப்பைக் கொடுத்தது. உடை மூட்டுகளையும் அரித்தது. முதல் வருடம் உங்கள் ஆட்களைக் கொல்லப்போவது பெரும்பாலும் தேய்ந்துபோன ரப்பர் வளையம்தான், பூதம் இல்லை.

ஆட்தேர்வில் ஒரே வார்த்தை: தேவையானவர்களை எடுக்காமல் சிறையில் இருந்தவர்களை எடுங்கள். சிட்னிக்கு முதலில் போனவர்களில் விவசாயம் தெரிந்தவர்கள் விரல்விட்டு எண்ணும் அளவு. 1790-ல் குடியிருப்பே பட்டினியின் விளிம்பில் நின்றது. ஜேம்ஸ் ரூஸ் என்ற கைதி உழவராக இருந்ததால் பயிர் செய்து காட்டினார், நிலமும் பெற்றார்.

பணம் யாருக்கு, எப்போது போகிறது என்பதைக் கண்டிப்பாக முடிவு செய்யுங்கள். 1790-ல் சிட்னிக்குக் கைதிகளை ஏற்றிப்போன இரண்டாம் கப்பல் தொகுதியில் ஒப்பந்தக்காரர்களுக்கு ஏற்றிய தலைக்கு இவ்வளவு என்று பணம். உயிரோடு இறக்க வேண்டும் என்ற கவலையே இல்லை. ஏறிய சுமார் ஆயிரம் பேரில் ஏறத்தாழ கால்வாசிப் பேர் வழியிலேயே செத்தார்கள். பிறகு பணத்தின் ஒரு பகுதியை உயிரோடு இறங்கும் தலைக்கு என்று மாற்றி, கப்பலில் பொறுப்பான மருத்துவரையும் போட்ட பின் சாவு வெகுவாகக் குறைந்தது. அந்தக் கப்பல்களில் கூட்டாளி செத்தால் கைதிகள் வெளியே சொல்லாமல் பிணத்தோடு கிடந்தார்கள், அவன் பங்குச் சாப்பாடு தொடர்ந்து வரும் என்பதற்காக. உங்கள் கோளில் அது சாப்பாடாக இருக்காது. நாளைக்கு 0.84 கிலோ ஆக்சிஜனும் ஒன்றேகால் கிலோ பொடியும். நாடித்துடிப்புக் கருவியைச் செத்தவன் கையிலிருந்து கழற்றி யார் கட்டிக்கொள்வது என்ற கேள்வி தானாக வரும்.

அறிக்கை உண்மையா என்பதை மேலிடம் எப்படிச் சரிபார்க்கிறது என்றும் யோசியுங்கள். போர்ச்சுகீசியக் கப்பல்களில் டெக்ரதாதோ எனப்படும் நாடுகடத்தப்பட்ட கைதிகள் இதற்கென்றே போனார்கள். 1498 மே மாதம் வாஸ்கோ ட காமா கோழிக்கோட்டுக் கரைக்கு வந்தபோது முதலில் இறக்கிவிடப்பட்டவர் அப்படிப்பட்ட கைதிதான். எதிரே வந்தவர்கள் காஸ்டீலியம் (ஸ்பானிய மொழி) பேசத் தெரிந்த துனீசிய முஸ்லிம்கள் இருவர், வரவேற்பே சாபம்தான். 1500-ல் கப்ரால் பிரேசில் கரையில் இருவரை விட்டுவிட்டுப் போனார், அடுத்த கப்பல் வரும்போது மொழியும் நாடும் கற்று வைத்திருக்க வேண்டும் என்று. இதன் மறுபக்கம் மேற்கு ஆப்பிரிக்காவில் தெரிந்தது. அங்கே கரையேறி உள்ளூரில் மணமுடித்துத் தங்கிவிட்ட போர்ச்சுகீசியர்கள் அரசின் அனுமதி இல்லாமல் வணிகத்தைத் தங்கள் கையில் எடுத்துக்கொண்டார்கள். மொழி தெரிந்தவன் ஒருவனே என்றால் அவன் சொன்னதுதான் மொழிபெயர்ப்பு. இதைத் தடுக்க மேலிடம் இருவரை ஒருவரையொருவர் பார்க்க முடியாத இரு இடங்களில் இறக்கி, இரண்டு அறிக்கையையும் ஒப்பிடும். மாதிரிகளோடு முன்பே தெரிந்த கல் ஒன்றையும் கலந்து கொடுத்துச் சோதிக்கும். அவர்கள் இதைக் கண்டுபிடிக்கும் காட்சி உங்களுக்குத் தேவைப்படும்.

கடைசியாக, வாக்களித்த விடுதலை. ஒளியின் பத்தில் ஒரு பங்கு வேகத்தில் போய்வருவதென்றால் மன்னிப்பு எழுதிக் கொடுத்தவர் திரும்பும்போது உயிரோடு இருக்க மாட்டார், அந்த அரசே இருக்குமா என்பது சந்தேகம். குடியிருப்பு பக்கத்திலேயே என்றாலும் சட்டம் ஏமாற்றலாம். தென் அமெரிக்காவில் பிரான்ஸ் கைதிகளை அனுப்பிய பிரெஞ்சு கயானாவில் 1854-ல் வந்த விதிப்படி, எட்டு வருடத்துக்குக் குறைந்த தண்டனை பெற்றவர் அதை முடித்ததும் அதே அளவு காலம் அங்கேயே தங்க வேண்டும். எட்டோ அதற்கு மேலோ என்றால் ஆயுள் முழுக்க. உங்கள் அரசுக்கு அதைவிடக் கண்ணியமான சாக்கு இருக்கிறது, தொற்றுத் தடுப்பு. அப்போலோ 11 வீரர்களையே 21 நாள் தனிமையில் வைத்தார்கள். ‘மாதிரி முடிவு வரும்வரை’ என்று ஒப்பந்தத்தில் எழுதி, எந்த மாதிரி, எந்த முடிவு, எத்தனை நாள் என்று எழுதாமல் விட்டுவிடச் சொல்லுங்கள். முதல் அத்தியாயத்திலேயே அந்தத் தாளை ஆறு பேரும் கையெழுத்திடட்டும். அதில் ஒருத்தி மட்டும் அந்த வரியைத் திரும்பப் படித்துவிட்டுத் தேதி எங்கே என்று கேட்கட்டும்.